போட்டி ரைஃபிளோடு எல்லை கடக்க: சுங்கை சிப்புட் வட்டாரத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுப் போட்டிக்குப் பெயர் வந்துவிட்டது என்றதும் புதியவர்கள் விமானச் சீட்டைத் தேட ஆரம்பிக்கிறார்கள். சீட்டு கடைசியில் வாங்கலாம். முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நான்கு வரி எழுதுங்கள். மலேசியாவை விட்டு வெளியேறுவது ஒன்று, போகிற நாட்டுக்குள் நுழைவது இரண்டு, அந்த நாட்டை விட்டுக் கிளம்புவது மூன்று, மறுபடி மலேசியாவுக்குள் வருவது நான்கு. ஒரு போட்டிக்குப் போய்வர ரைஃபிள் இந்த நான்கு வாசலையும் தாண்ட வேண்டும். ஒவ்வொரு வாசலுக்கும் எதிரே எந்த அனுமதி, யார் தருகிறார், அது எந்தத் தேதிவரை செல்லும் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது வரி காலியாக இருந்தால் நீங்கள் இன்னும் கிளம்பத் தயாராகவில்லை.

அந்த நான்காவது வாசல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. போகும்போது சங்கம் கூட இருக்கும், அழைத்த நாடு கடிதம் அனுப்பியிருக்கும், எல்லாரும் விசாரிப்பார்கள். திரும்பும்போது களைப்பு. போட்டி ஒரு நாள் தள்ளிப்போயிருக்கும், இல்லை விமானம் மாறியிருக்கும். அனுமதித் தாளில் சனிக்கிழமை என்று இருக்கும், நீங்கள் ஞாயிறு இரவு வந்து இறங்குவீர்கள். அந்த ஒரு நாளில், உங்கள் பெயரில் முறையாக உரிமம் உள்ள அதே ரைஃபிள் அனுமதியில்லாமல் இறக்குமதி செய்த ஆயுதமாகிவிடுகிறது. அதனால் திரும்பும் அனுமதியைக் கேட்கும்போதே போட்டி முடிந்து குறைந்தது 5 நாள் கூடுதலாகக் கேளுங்கள். காரணத்தையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்: விமானத் தாமதம், போட்டி ஒத்திவைப்பு. காரணம் எழுதிக் கேட்டால் அதிகாரிக்கும் முடிவெடுப்பது சுலபம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக

மலேசியாவில் இதற்கு அடிப்படை 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் ஏர் ரைஃபிளும் ஏர் பிஸ்டலும் அடங்கும். "வெறும் காத்துத் துப்பாக்கிதானே" என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். துப்பாக்கியின் பாகங்களும் அதே சொல்லுக்குள் வருகின்றன. உபரியாக ஒரு குழல், ஒரு போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் பாகம்) எடுத்துப்போனால் அதுவும் தாளில் இருக்க வேண்டும். உரிமமில்லாமல் வைத்திருந்தால் இந்தச் சட்டப்படி 7 ஆண்டுவரை சிறை, 10,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டு சுடுகலன் கூடுதல் தண்டனைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போனால் 14 ஆண்டுவரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு.

இந்தக் கெடுபிடியின் காரணம் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. 1948 ஜூன் 16 அன்று நம் சுங்கை சிப்புட்டின் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது முடிந்தது 1960 ஜூலை 31. ஆயுதச் சட்டத்தின் ஆண்டும் 1960தான். ஒரு போலீஸ்காரர் உங்கள் பெட்டியை இரண்டாம் தடவை திறக்கச் சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள். அது அவர் வேலை.

ரைஃபிள் யாருடையது?

முதல் வேலை இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வைத்துக்கொள்வது. ரைஃபிள் உங்கள் சொந்த உரிமத்தில் இருந்தால், உரிமத்தின் அசலும் நகலும் போதும். புதியவர்கள் பலர் சுடுவது சங்கத்தின் ரைஃபிளில். அப்போது உரிமம் சங்கத்தின் பெயரில் இருக்கும், கையில் எடுத்துப்போவது நீங்களாக இருப்பீர்கள். இந்த இடைவெளியை ஒரு கடிதம்தான் அடைக்கும். சங்கத்தின் முத்திரைத் தாளில், இன்ன எண்ணுள்ள ரைஃபிளை, இன்ன கடப்பிதழ் எண்ணுள்ளவர், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, இன்ன போட்டிக்காக எடுத்துச் செல்ல அனுமதிக்கிறோம் என்று இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் என்றால் தாள்களைப் பெரியவரான குழு மேலாளர் பெயரில் போடுங்கள். பெட்டியும் அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

தோட்டப்புறத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பதற்காக வாங்கிய ஷாட்கன் உரிமம் சில வீடுகளில் இருக்கும். அதை வைத்து வெளிநாட்டில் தட்டுச் சுடும் போட்டிக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். உரிமத்தில் என்ன நோக்கம் எழுதியிருக்கிறதோ அந்த நோக்கத்துக்குத்தான் அது செல்லும். விளையாட்டுக்கு என்று தனியாகக் கேட்டு வாங்கிய பிறகே போட்டியைப் பற்றிப் பேச வேண்டும்.

விவரத் தாள்: இங்கே அவசரப்படாதீர்கள்

எல்லா விண்ணப்பத்துக்கும் தாய் ஒரே ஒரு தாள்தான். ரைஃபிளின் தயாரிப்பாளர், மாடல், காலிபர், சீரியல் எண், உபரிப் பாகங்கள், காற்றுச் சிலிண்டர் எண்ணிக்கை, தோட்டா அல்லது பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டு) எண்ணிக்கை, வாங்கிய விலை. இதை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் மற்ற எல்லாத் தாளுக்கும் அதையே நகலெடுக்கலாம். ஒருமுறை தப்பாக எழுதினால் அந்தத் தப்பு ஏழு அலுவலகத்துக்குப் போகும்.

சீரியல் எண்ணைப் பழைய உரிமத்தைப் பார்த்து எழுதாதீர்கள். இரும்பைப் பார்த்து எழுதுங்கள். ரைஃபிளை மேசைமேல் துணி விரித்துக் கிடத்தி, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்தால் பொறித்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். நம் ஊர் ஈரத்தில் அந்தப் பள்ளத்துக்குள் பழுப்பாகத் துரு ஏறியிருக்கும். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பூஜ்யமா, ஆங்கில ஓவா? ஒன்றா, ஐ எழுத்தா? எட்டா, பியா? ஐந்தா, எஸ்ஸா? ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் எழுத, பிறகு எழுதியவர் படிக்க, படித்தவர் இரும்பைப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாததால்தான் விமான நிலையத்தில் பெட்டி நின்றுபோகிறது. அங்கிருக்கும் அதிகாரி துப்பாக்கி நிபுணர் இல்லை. அவர் செய்வது ஒன்றுதான்: தாளில் உள்ள எழுத்தையும் இரும்பில் உள்ள எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுவார். ஓர் எழுத்து மாறினால் அவரைப் பொறுத்தவரை அது வேறு துப்பாக்கி.

அடுத்தது உங்கள் பெயர். நம்மவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இது. அடையாள அட்டையிலும் கடப்பிதழிலும் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்) இருக்கும். விமானச் சீட்டு அந்தச் சாய்வுக்கோட்டை ஏற்காது, ஏஎல் என்று ஒட்டிப் போடும். வெளிநாட்டு அமைப்பாளர் அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்து முன்னால் கொண்டுவந்து வைப்பார். சிலர் அப்பா பெயரையே விட்டுவிடுவார்கள். கடைசியில் நான்கு தாளில் நான்கு ஆள். இதைத் தடுக்க, படிவம் நிரப்பும் முதல் நாளே கடப்பிதழின் முதல் பக்க நகலை இணைத்து, "பெயரைக் கடப்பிதழில் உள்ளபடியே, அதே வரிசையில் எழுதவும்" என்று கடிதத்தில் கேளுங்கள். வந்த அனுமதியில் பெயர் மாறியிருந்தால் அன்றைக்கே திருத்தக் கேளுங்கள். எல்லையில் நின்று ஏ/எல் என்றால் மகன் என்று பொருள் என விளக்க நேரம் இருக்காது. விமானச் சீட்டில் உள்ள ஏஎல் ஒட்டை மாற்ற முடியாது, அதற்குக் கவலை வேண்டாம். மற்ற தாள்கள் கடப்பிதழோடு ஒத்துப்போனால் போதும்.

எப்போது தொடங்குவது

12 வாரம் முன்பு. அதற்குள் உரிமம் எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். பயண நடுவில் முடிந்தால் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும். கடப்பிதழில் 6 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

முதலில் தேசிய சங்கத்தின் கடிதம். மலேசியத் தேசியக் குறிசுடும் சங்கத்தின் வழியாகத்தான் அனைத்துலகப் போட்டிகளுக்குப் பெயர் போகும். மாநிலச் சங்கத்தைக் கேட்டு அந்த வழியில் போங்கள், நேரே வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் அனுப்புவதில் பயனில்லை. பெயர்ப் பதிவோடு அமைப்பாளர் ஓர் ஆயுதப் படிவம் அனுப்புவார். நீங்கள் எழுதிவைத்த விவரத் தாளை அப்படியே அதில் இறக்குங்கள். விமான எண்ணும் வந்து சேரும் நேரமும் கேட்பார்கள். இந்தப் படிவத்தை வைத்துத்தான் அந்த நாட்டில் தற்காலிக இறக்குமதி அனுமதி வாங்குவார்கள். அவர்கள் சொன்ன கடைசித் தேதி தவறினால் கெஞ்சியும் பயனில்லை. அந்த நாட்டுப் போலீஸோ அமைச்சோ அவர்கள் கையில் இல்லை.

அழைப்புக் கடிதம் வந்ததும் நம் பக்கத்து வேலை. ஏற்றுமதிக்கும் மறு இறக்குமதிக்கும் அனுமதி காவல்துறையிடமிருந்து வர வேண்டும். மாவட்டக் காவல் தலைமையகத்தின் உரிமப் பிரிவில் தொடங்குங்கள். முடிவெடுப்பது ஈப்போவில் உள்ள மாநிலக் காவல் தலைமையகம். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். தலைப்பிலேயே "வெளியே கொண்டுசெல்லவும் திரும்பக் கொண்டுவரவும்" என்று எழுதுங்கள். கடிதத்தை மலாயில் எழுதுவது நல்லது, நம் அலுவலகங்களில் வேலை அந்த மொழியில்தான் ஓடுகிறது. ஆனால் உரிமமும் மலாயில்தான் இருக்கும், வெளிநாட்டு அதிகாரிக்கு அது புரியாது. ஆகவே சங்கத்தின் முத்திரையோடு ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பை அசலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

சுங்கத்துறை தனி. அவர்களுடைய கவலை வரி. போகும்போது இந்த ரைஃபிள் இங்கிருந்துதான் போனது என்று பதிவாகியிருந்தால்தான், வரும்போது புதிதாக வாங்கி வந்ததாக யாரும் நினைக்க மாட்டார்கள். ஏற்றுமதிக்கு கே2 படிவம், இறக்குமதிக்கு கே1. எந்தப் படிவம் உங்கள் பயணத்துக்குப் பொருந்தும் என்பதைக் கிளம்பும் சுங்கச் சாவடியிலேயே முன்கூட்டிக் கேளுங்கள். வாங்கிய ரசீதின் நகலைப் பெட்டியில் வையுங்கள். ஒரு குழுவாகப் பத்துப் பதினைந்து ரைஃபிளும் கருவிகளும் போனால் ஏ.டி.ஏ. கார்னெட், அதாவது பொருளைத் தற்காலிகமாக வரியில்லாமல் கொண்டுபோய்வர உதவும் சுங்கத் தாள், கேட்டுப் பார்க்கலாம். இங்கே அதைத் தருவது மலேசிய அனைத்துலக வர்த்தகத் தொழிலியல் சபை. ஆனால் கார்னெட் வரிக்கு மட்டும்தான். ஆயுத அனுமதிக்கு அது ஈடாகாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

போகிற நாடும் நடுவில் இறங்குகிற நாடும்

ஏர் ரைஃபிளை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி பார்க்கிறது. சிங்கப்பூரில் ஏர் ரைஃபிளுக்கும் போலீஸ் அனுமதி வேண்டும். தாய்லாந்தில் பௌத்த ஆண்டு 2490, அதாவது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் காற்றழுத்தத்தில் சுடுவதும் துப்பாக்கிதான். அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டப்படி ஏர் ரைஃபிள் சுடுகலன் கணக்கில் வராது, ஆனால் .22 காலிபர், அதாவது வெடிமருந்துத் தோட்டா போடும் ரைஃபிளுக்கு, அந்நாட்டு ஆயுதத் துறையின் ஏ.டி.எஃப். 6 என்.ஐ.ஏ. என்ற படிவத்தை முன்கூட்டி அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். ஜெர்மனியில் சுடும் ஆற்றல் 7.5 ஜூலுக்கு மிகாத, ஐந்து மூலைக்குள் எஃப் எழுத்து பொறித்த ஏர் ரைஃபிளுக்குத் தனிச் சலுகை. அதே தயாரிப்பு வெளிநாட்டுக்கென்று விற்கப்பட்டு அந்த முத்திரை இல்லாமலிருந்தால் சலுகையும் இல்லை. உங்கள் ரைஃபிளில் அது இருக்கிறதா என்று விவரத் தாள் எழுதும்போதே பாருங்கள்.

எங்கள் கருத்தில் புதியவர் முதல் பயணத்துக்கு நேரடி விமானமே எடுக்க வேண்டும், நூறு இருநூறு ரிங்கிட் கூடினாலும் பரவாயில்லை. விமானம் மாறும் நாட்டில் நீங்கள் குடிநுழைவைத் தாண்டாவிட்டாலும் உங்கள் பெட்டி அந்த மண்ணில் இறங்குகிறது. ஹாங்காங்கில் 2 ஜூலுக்கு மேற்பட்ட ஏர் ரைஃபிள் ஆயுதம். 10 மீட்டர் போட்டி ரைஃபிள் 7.5 ஜூல் பக்கம் இருக்கும். அங்கே விமானம் மாறுகிறீர்கள் என்றால் அதற்கும் அனுமதி கேட்க வேண்டும். மலிவான சீட்டு கிடைத்ததே என்று வழியை மாற்றினால் இன்னொரு நாட்டின் சட்டத்தையும் தூக்கிச் சுமக்கிறீர்கள்.

இந்தியாவில் போட்டி என்றால் இன்னொரு ஆசை எட்டிப்பார்க்கும். "போட்டி முடிஞ்சு அப்படியே திருச்சிக்கு மாமா வீட்டுக்குப் போயிட்டு வரலாமே." நீங்கள் போகலாம், ரைஃபிள் போகக் கூடாது. போட்டிக்கென்று தரும் அனுமதி விமான நிலையத்துக்கும் சுடுதளத்துக்கும் இடையில் செல்வது. உறவுக்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ரைஃபிளைக் குழு மேலாளரோடு நாட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த மாற்றத்தைத் தாளிலும் எழுதி வாங்கிவிட்டுப் போங்கள்.

பெட்டி கட்டுவது

கடினமான பெட்டி, இரண்டு பூட்டு, உள்ளே வெட்டிய நுரை. பையில் போட்டுக்கொண்டு போகிற வேலை ஆகாது. ஏர் ரைஃபிள் ஐ.எஸ்.எஸ்.எஃப். (அனைத்துலகக் குறிசுடும் சம்மேளனம்) விதிப்படி 5.5 கிலோவரை, ஆண்களுக்கான 50 மீட்டர் ரைஃபிள் 8 கிலோவரை இருக்கலாம். பெட்டியோடு சேர்த்து நிறுத்துப் பார்த்துவிட்டுச் சுமை எடை வாங்குங்கள்.

கழற்றுவதற்கு முன் எல்லா அளவையும் குறியுங்கள். கன்னப் பலகை எத்தனை மில்லிமீட்டர், தோள் தட்டு எத்தனை, டயாப்டர் (பின் பார்வைக் கருவி) நடுவிலிருந்து எத்தனை கிளிக். ஸ்டாக்கின் மேல் மெல்லிய ஒட்டுநாடா ஒட்டி அதில் பென்சிலால் கோடு போடுவது எளிய வழி. டயாப்டரையும் முன் பார்வையையும் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். பெட்டியைப் போட்டால் முதலில் வளைவது அவைதான். .22 ரைஃபிளில் போல்ட்டைக் கழற்றித் தனி உறையில் வைத்தால் திறந்து பார்க்கும் அதிகாரிக்குக் குழல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெளிச்சமாகத் தெரியும். ஏர் ரைஃபிளுக்குக் குழல் முழு நீளமும் போகும் பாதுகாப்புக் கயிறு. ஆரஞ்சு நிறத்தில் இருபக்கமும் நுனி வெளியே தெரிய வேண்டும். சுடுதளத்தில் கட்டாயம் என்பதால் அது எப்படியும் உங்களிடம் இருக்கும். மின்னணு டிரிகர் உள்ள ரைஃபிளில் பேட்டரியைக் கழற்றுங்கள். உபரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும்.

சிலிண்டரைக் கழற்றிக் காற்றை வெளியேற்றிவிடுங்கள், அழுத்தமானி பூஜ்யத்தில் நிற்க வேண்டும். 200 பார் அழுத்தத்தோடு விமானத்தில் ஏற்ற விட மாட்டார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். அதற்கு உங்கள் ரைஃபிளுக்கான நிரப்பும் இணைப்பை மறக்காமல் எடுங்கள், ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் அது வேறு. அங்கே இருக்கும் பெரிய சிலிண்டர் 200 பாரா 300 பாரா என்றும் கேட்டுவையுங்கள், 200 பார் இணைப்பு 300 பார் வால்வில் சரியாக அமராது. இணைப்பின் மரையில் எண்ணெய் தடவாதீர்கள். உயர் அழுத்தக் காற்றும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். சிலிண்டரில் பொறித்த ஆண்டையும் பாருங்கள். வழக்கமாக 10 ஆண்டுதான் அதன் ஆயுள். காலம் கடந்த சிலிண்டரோடு போனால் எல்லா எல்லையையும் தாண்டிவிட்டு, கருவிச் சோதனை மேசையில் நிற்பீர்கள்.

ஜாக்கெட், கால்சட்டை, கையுறை, முடிந்தால் சப்பாத்து ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோவது எங்கள் பழக்கம். சுமை தொலைந்தால் ஒரு ரைஃபிளை இரவல் வாங்கிவிடலாம், உங்கள் உடம்புக்குத் தைத்த ஜாக்கெட்டை யாரும் தர முடியாது. ஆலன் சாவி, திருப்புளி எல்லாம் கண்டிப்பாகச் சுமையில்.

தோட்டாவும் பெல்லட்டும்

.22 தோட்டாவுக்கு விமான விதி தெளிவு. ஆபத்தான பொருள் வகையில் 1.4எஸ், ஐ.நா. எண் 0012 அல்லது 0014. ஒரு பயணிக்குப் பொதியோடு சேர்த்து 5 கிலோ. இரண்டு பேர் பங்கை ஒரே பொதியில் கட்டக் கூடாது. விமான நிறுவனத்தின் முன் ஒப்புதல் வேண்டும், சுமையில் மட்டும்தான் போகும். 50 தோட்டா கொண்ட ஒரு டப்பி ஏறத்தாழ 180 கிராம். 500 தோட்டா 1.8 கிலோ பக்கம் வரும். மூன்று நிலைப் போட்டிக்குப் புள்ளி கணக்கிடும் சுடு 60, அதோடு பார்வையைச் சரிசெய்யும் சுடு, இரண்டு நாள் பயிற்சி எல்லாம் சேர்த்தால் 500 போதும். 1,000 எடுத்துப்போவதில் லாபமில்லை, திரும்பும்போது அதுவே தலைவலி.

பெல்லட்டில் வெடிமருந்து இல்லை. 500 கொண்ட டின் கால் கிலோவுக்குச் சற்று மேலே. இரண்டு டின் தாராளம். ஆனாலும் விவரத் தாளில் எழுதுங்கள், ஏனென்றால் எக்ஸ்ரே திரையில் ஈயம் கருப்புக் கட்டியாகத் தெரியும்.

தாளில் 500 என்றால் 500. ஒன்றுகூட அதிகமாக வேண்டாம். கிளம்பும் முந்தின இரவு ஜாக்கெட்டின் எல்லாப் பையையும் வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். கால்சட்டை மடிப்பு, முழந்தாள் உருளையின் தையல் ஓரம், பழைய கைப்பையின் கிழிந்த உள்துணி, இங்கெல்லாம் ஒரு .22 தோட்டா ஒளிந்திருக்கும். ஒரு சுண்டுவிரல் நகத்தளவு பித்தளை. விமான நிலையத்தில் கைப்பையில் ஒரே ஒரு தோட்டா அகப்பட்டால் போதும், போட்டி அன்றோடு முடிந்துவிடும், வழக்கு மட்டும் நீளும். பயிற்சிக்கு எடுத்துப்போகும் பையை வேறு எந்தப் பயணத்துக்கும் பயன்படுத்தாதீர்கள்.

தரை வழியாகத் தாய்லாந்துக்கு

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் புக்கிட் காயு ஹீத்தாம்வரை நேர்ச்சாலை என்பதால் இதை லேசாக நினைக்கிறார்கள். விமானத்தைவிட இதில்தான் திட்டம் அதிகம் வேண்டும். எல்லை கெடா மாநிலத்தில் இருக்கிறது, கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். தாய்லாந்தில் சனியும் ஞாயிறும். ஆயுதத் தாளில் கையெழுத்திடக்கூடிய அதிகாரி இரு பக்கமும் அலுவலகத்தில் இருக்கும் நாட்கள் திங்கள் முதல் வியாழன்வரை மட்டுமே. அந்த நாட்களில் எல்லையைத் தாண்டும்படி பயணத்தை அமையுங்கள், போகும்போதும் சரி வரும்போதும் சரி. தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். நம் பக்கத்தில் காலை 9 மணிக்கு வேலையை முடித்தால் அந்தப் பக்கம் 8 மணிதான் ஆகியிருக்கும், காத்திருக்க நேரிடும்.

தாய்லாந்துத் தாளில் ஆண்டு பௌத்தக் கணக்கில் இருக்கும். அதிலிருந்து 543ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும்: 2569 என்றால் 2026. கடைசித் தேதியைச் சரிபார்க்கும்போது இதை விரலால் எண்ணிப் பாருங்கள். தாய்லாந்து எண் எழுத்தில் அச்சிட்டிருந்தால் அமைப்பாளரிடம் கேட்டு ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

வழியில் காரைத் தனியே விடக் கூடாது. ஓய்வுத்தலத்தில் ஒருவர் சாப்பிடப் போனால் ஒருவர் காரில் இருக்க வேண்டும். எல்லையில் கார் வரிசையோடு நகர்ந்துவிடாதீர்கள். ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் தாள்களோடு சுங்க அலுவலகத்துக்கு நடந்துபோய்ப் பொறுப்பதிகாரியைக் கேட்கட்டும். "துவான், குறிசுடும் போட்டிக்குப் போகும் குழு, இவ்வளவு ரைஃபிள், அனுமதி இதோ" என்று தொடங்கினால் போதும். தாய்லாந்துப் பக்கம் மொழி தெரிந்த ஒருவரை எல்லைக்கே அனுப்பச் சொல்லி அமைப்பாளரிடம் முன்பே கேளுங்கள். கேட்டால் செய்வார்கள். விரைவுப் பேருந்தில் ரைஃபிளோடு ஏற வேண்டாம். உங்கள் பெட்டி கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தில் எல்லை தாண்டும், சோதனையில் நிற்பது நாற்பது பேர் பயணம்.

சிங்கப்பூருக்கும் இதே முறைதான். அனுமதி கையில் வராமல் பாலத்தில் ஏறாதீர்கள், வந்ததும் சாவடியில் நீங்களாகவே அறிவியுங்கள்.

விமான நிலையத்தில்

நான்கு மணி நேரம் முன்பு. வரிசையில் நிற்கும்போது துப்பாக்கி என்ற சொல்லைச் சத்தமாகப் பேசாதீர்கள். முகப்பில் தாழ்ந்த குரலில் போட்டிக் கருவி அறிவிக்க வேண்டும் என்று சொல்லித் தாளை நீட்டுங்கள். போலீஸ் வரும், பெட்டியைத் தனி இடத்தில் திறக்கச் சொல்வார்கள். பூட்டை நீங்களே திறங்கள், ஆனால் ரைஃபிளைக் கேட்காமல் கையில் எடுக்காதீர்கள். பாதுகாப்புக் கயிற்றைக் காட்டுங்கள், எண் இருக்கும் இடத்தை விரலால் சுட்டுங்கள். பூட்டிய பின் பெட்டி பெரிய சுமைப் பாதையில் போகும். அது எக்ஸ்ரே தாண்டியது என்று அவர்கள் சொல்லும்வரை அங்கேயே நில்லுங்கள், சாவி கையில் இருக்கட்டும். சாப்பிடப் போய்விட்டு ஒலிபெருக்கியில் பெயர் கேட்டு ஓடிவருவது வேண்டாம்.

தாள்களை இரண்டு கோப்பாகப் பிரியுங்கள். அசல் உங்கள் கையில், நகல் மேலாளர் கையில். பெட்டிக்குள் ஒரு விவரத் தாள் மட்டும். அசலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சுமையில் அனுப்பிவிட்டு, இறங்கிய இடத்தில் சுங்கத்திடம் காட்டத் தாள் இல்லாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

போய்ச் சேர்ந்ததும், திரும்பும்போதும்

இறங்கியதும் சிவப்புப் பாதை. பச்சையில் போகவே கூடாது. நுழைவு முத்திரை தாளில் விழுந்ததா, தேதி சரியா என்று அங்கேயே பாருங்கள். மூன்றாவது வாசலில் அதைத்தான் கேட்பார்கள். குளிர்ந்த விமான வயிற்றிலிருந்து வந்த பெட்டியை உடனே திறந்தால் இரும்பின்மேல் பனி படியும். மூடியபடி ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள். விடுதி அறையில் வைக்க அனுமதி இருக்கிறதா, சுடுதளக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டுமா என்பது அனுமதித் தாளிலேயே இருக்கும். கிடங்கு என்றால் ரசீது வாங்குங்கள்.

கடைசி நாளில் மிச்சத் தோட்டா பூஜ்யமாக வேண்டும். சுட்டுத் தீருங்கள், அல்லது அமைப்பாளரிடம் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். காலித் தோட்டாக்களையும் விட்டுவிடுங்கள். மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்துதான் ஆக வேண்டும் என்றால் மறு இறக்குமதி அனுமதியில் அந்த எண்ணிக்கை இருக்க வேண்டும். அங்கே புதிதாக ஒரு குழலோ டிரிகரோ மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். அது நீங்கள் கொண்டுபோன பட்டியலில் இல்லை, நான்காவது வாசலில் பாகமும் ஆயுதம்தான். வேண்டுமானால் விலைச்சீட்டை வாங்கிவந்து இங்கிருந்து முறையாக விண்ணப்பியுங்கள்.

மலேசியாவில் இறங்கியதும் களைப்பைப் பார்க்காமல் போலீஸிடமும் சுங்கத்திடமும் போய் நீங்களாகவே காட்டுங்கள். தாளில் திரும்பியது என்ற பதிவு விழ வேண்டும். சங்க ரைஃபிள் என்றால் அன்றைக்கே கிடங்கில் ஒப்படையுங்கள். சொந்தமானது என்றால் பூட்டு அலமாரியில் வைப்பதற்கு முன் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, பெட்டியின் நுரையைக் காற்றாட விடுங்கள். ஈர நுரையில் ஒரு வாரம் கிடந்தால் குழலின் வெளிப்புறம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். முத்திரை விழுந்த எல்லாத் தாளையும் நகலெடுத்து, ஒரு நகலை மாவட்டத் தலைமையகத்தின் உரிமப் பிரிவில் கொடுத்துப் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். அடுத்த விண்ணப்பத்தோடு முதல் இணைப்பாக வைக்க வேண்டியது அந்தத் தாள்தான்.